தீக்குத் தலைமை தாங்கியவர்

காட்டுத்தீ கமாண்டர் பதவி கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம், துபாய் அல் குசைஸில் ஒரு தையல்கடைக்குப் போய், சட்டைக்கு மேல் போடும் வெள்ளை வெஸ்ட்டுக்கு அளவு கொடுத்ததுதான். ரெடிமேடாக விற்பது தோள்பட்டையில் சரியாக உட்காரவில்லையாம். முதுகில் ‘இன்சிடென்ட் கமாண்டர்’ என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் எம்ப்ராய்டரி. ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா என்று தையல்காரர் கேட்டாராம். “ஸ்டிக்கர் வெயில்ல உரிஞ்சுடும்னு சொன்னேன்” என்று எங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னார். ஏதோ வெயிலில் நிற்கப்போகிறவர் மாதிரி.

நான் அந்தக் கம்பெனியில் சேஃப்டி பிரிவில் கோஆர்டினேட்டராக இருந்தேன். கோயமுத்தூரில் படித்து, கல்யாணமாகி, கணவரின் வேலையை ஒட்டி துபாய்க்கு வந்தவள். கம்பெனியின் தொழில், பெரிய இடங்களைப் பராமரிப்பது. தோட்டம், சுத்தம், பூச்சிமருந்து, தண்ணீர் பம்ப், எல்லாம். அப்படி எங்கள் கையில் இருந்த இடங்களில் ஒன்று, மலையடிவாரத்தில் ஒரு பணக்கார அரபியின் தோட்டம். பேரீச்சை மரங்கள், குதிரை லாயம், விருந்தாளிகள் தங்கச் சில காட்டேஜுகள், நடுவில் சுத்திகரித்த தண்ணீர் தேங்கும் ஒரு குளம். குளத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேல் நாணல்.

பாலைவனத்தில் காட்டுத்தீயா என்று ஊரில் கேட்பார்கள். அந்த நாணலை ஒரு தடவை கோடையில் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அடியில் பச்சை, மேலே சருகு. பக்கத்திலேயே வெட்டிப் போட்ட பேரீச்சை மட்டைகள் மலைமலையாகக் கிடக்கும். முந்தின வருஷம் அங்கே சின்னதாக ஒரு தீ பிடித்து அணைந்தது. அதற்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர்கள், காட்டுத்தீ கமாண்டர் பயிற்சி பெற்ற ஒருவர் அந்த இடத்துக்குக் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் பார்த்தேன், அந்த மீட்டிங்கில் குறிப்பெடுத்தவளே நான்தான். ஜெனரல் மேனேஜர், “மேனேஜர் கிரேடுல யாருக்கு வேலை கம்மியா இருக்கு?” என்று கேட்டார். அவ்வளவுதான் தகுதித் தேர்வு. எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் சுத்தம் செய்யும் பிரிவுக்கு மேனேஜர். சென்னைக்காரர், எம்.பி.ஏ. ஃபோனில் பேசினால் பக்கத்து மாடிக்குக் கேட்கும். தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தீயும் ஒரு மேனேஜ்மென்ட் ப்ராப்ளம்தாம்மா” என்று வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். “ஆளு, டைம், ரிசோர்ஸ். மூணையும் பிடிச்சா முடிஞ்சுது.”

தீ அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம். சிரித்திருக்கும்.

பயிற்சி ஒரு ஹோட்டலில் நடந்தது. அவரோடு என்னையும் அனுப்பினார்கள், லேப்டாப் தூக்க ஓர் ஆள் வேண்டுமே. பயிற்சி கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. தன் நாட்டில் புதர்க்காடுகள் பற்றி எரிந்தபோது பல வருஷம் தலைமை ஏற்று நின்றவர். சின்ன உருவம், வெயிலில் காய்ந்த முகம். குரலை உயர்த்தவே மாட்டார். அந்த அறையில் எங்களைப் போல வேறு கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள். முதல் நாளே அவர் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டார்: “கமாண்டர் கையில் என்ன இருக்க வேண்டும்?”

ஒருவர் ரேடியோ என்றார். ஒருவர் மேப் என்றார். நம்மவர் எழுந்து நின்று, “கட்டுப்பாடு” என்றார்.

“ஹோஸ் இருக்கக் கூடாது” என்றார் அந்தப் பெண்மணி. “கமாண்டர் ஹோஸைப் பிடித்த நிமிஷத்தில் அங்கே கமாண்டர் இல்லை. தண்ணீர் அடிக்கிற ஆள் ஒருவர் கூடியிருக்கிறார், அவ்வளவுதான்.”

பிறகு அவர் சொன்னவற்றை நான் இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். கமாண்டர், எல்லோரும் தேடி வரக்கூடிய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தீயைப் பார்ப்பதற்கு முன்னால் ஆட்களைப் பார்க்க வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள், ஓட வேண்டி வந்தால் எந்த வழியாக எங்கே ஓடுவார்கள் என்று தெரியாமல் ஒருத்தரையும் உள்ளே அனுப்பக் கூடாது. காற்று இப்போது எங்கே போகிறது என்பதைவிட அடுத்து எங்கே திரும்பும் என்று யோசிக்க வேண்டும். திட்டம், கேட்டவர் திருப்பிச் சொல்லக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். தன்னைவிடத் தெரிந்தவர் வந்தால், தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும். தெரியாது என்று சொல்ல வாய் கூசக் கூடாது.

இதையெல்லாம் அவர் சொல்லும்போது நம்மவர் பாதி நேரம் வராந்தாவில் ஃபோனில் இருந்தார். மீதி நேரம் பஃபேயில் பிரியாணி சரியில்லை என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி நாள், கமாண்டர் ஆக எவ்வளவு காலம் பிடித்தது என்று நான் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். முதலில் வருஷக்கணக்கில் மண்வெட்டியும் ஹோஸும் பிடித்திருக்கிறார். பிறகு சின்னக் குழு ஒன்றுக்குத் தலைமை. பிறகு பல குழுக்கள். ஒவ்வொரு படியிலும் நிஜத் தீயில், மேலே இருப்பவர் பக்கத்தில் நின்று பார்த்து, இவரை நம்பி ஆட்களை ஒப்படைக்கலாம் என்று தோன்றினால்தான் கையெழுத்துப் போடுவாராம். தோன்றாவிட்டால் அடுத்த தீ வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு தடவை அந்தப் பெண்மணிக்கே கையெழுத்து மறுத்திருக்கிறார்கள். “அது சரியான முடிவு” என்றார் சாதாரணமாக.

சான்றிதழ் கொடுக்கும்போது எல்லோருக்கும் சேர்த்தே சொன்னார்: “நீங்கள் இந்த அறையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதற்கு இது சாட்சி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.”

நம்மவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடி போட்டு, ஆஃபீஸில் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். உட்கார்ந்திருந்ததற்கான சாட்சியை உட்காரும் இடத்திலேயே மாட்டியது ஒருவகையில் பொருத்தம்தான்.

அதற்கப்புறம் தோட்டத்தில் ஒத்திகை. ஒரு டிரம்மில் அட்டைப்பெட்டிகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். இவர் வெள்ளை வெஸ்ட்டோடு நின்று கையை நீட்டிக் காட்டினார். கையை நீட்டிக் காட்டுவது அவருக்கு நன்றாக வரும். நீட்டிய திசையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஃபோட்டோ கம்பெனிப் பத்திரிகையில் வந்தது.

நான் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, நாணலுக்கும் பம்ப் ரூமுக்கும் நடுவில் ஒரு லாரி அகலத்துக்கு வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும். இரண்டாவது, கோடையில் மத்தியானம் வெளிவேலை செய்யக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. அந்த ஓய்வு நேரத்தில் ஆட்கள் நிழல் கண்ட இடத்தில் படுத்துவிடுவார்கள். பம்ப் ரூமுக்குப் பின்னால் நாணல் நிழலில் எப்போதும் சிலர் படுத்திருப்பார்கள். ஓய்வுக்குப் போகும்போது எங்கே இருக்கிறோம் என்று அந்த ஆட்களின் ஃபோர்மன் வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டால் போதும்.

“நாணலை வெட்டினா கெஸ்ட்டுக்கு வியூ போயிடும்மா” என்றார். “ரெண்டாவது, மத்தியானம் தூங்கறவன தேடிக்கிட்டு இருக்கிறதா கமாண்டர் வேலை?”

“அதுதான் சார் முதல் வேலை. அந்த மேடம் சொன்னாங்களே.”

“நீ ரொம்பப் படிக்கிற. அதான் உன் ப்ராப்ளம்.”

அவருடைய ப்ராப்ளம் என்ன என்று அடுத்த கோடையில் தெரிந்தது.

அன்றைக்கு நான் தோட்டத்துக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் முதலாளியின் மகன் விருந்தாளிகளோடு வருவதாக இருந்ததால் இவரும் காலையிலேயே வந்து, காட்டேஜ் ஒன்றில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். மத்தியான ஓய்வு நேரம். தோட்டத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. முந்தின இரவு யாரோ பார்பெக்யூ கரியை மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் கொட்டியிருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அது உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, காற்று கொஞ்சம் பலத்ததும் பிடித்துக்கொண்டது.

நான் தண்ணீர்த் தொட்டியின் மேல்மேடையில் ஏறி, குழாய் மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து முழுத் தோட்டமும் தெரியும். முதலில் புகை. நான் வாக்கி-டாக்கியில் சொல்லி முடிப்பதற்குள் குவியல் முழுக்க நெருப்பு. பிறகு நாணல். நாணல் எரியும் சத்தத்தை யாராவது விவரித்துக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பட்டாசுக் கடை ஒன்று எரிகிற மாதிரி வெடித்துக்கொண்டே போனது. அரசுத் தீயணைப்புக்கு ஃபோன் செய்தேன். வழி கேட்டார்கள், சொன்னேன்.

கமாண்டர் காட்டேஜிலிருந்து வெளியே வந்தார். வெஸ்ட் போட்டிருந்தார். அதை எடுக்கத்தான் தாமதமாகியிருக்கும்.

காற்று அப்போது மலையிலிருந்து ரோட்டுப் பக்கம் வீசியது. ரோட்டுப் பக்கம்தான் காட்டேஜுகள். இவர் வாக்கி-டாக்கியில் கத்தினார்: “எல்லாரும் காட்டேஜ் பக்கம் வாங்க! சீக்கிரம்! யல்லா! யல்லா! டேங்கர், டிராக்டர் எல்லாம் இங்க!” இருந்த ஆட்கள் முழுக்க, இருந்த தண்ணீர் முழுக்க அந்த ஒரு பக்கம் போனது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வந்த டேங்கரின் ஹோஸை ஓர் ஆளின் கையிலிருந்து வாங்கி, தானே பிடித்துக்கொண்டார். அவருடைய ஆஃபீஸ் உதவியாளர் எதிரே நின்று ஃபோனில் வீடியோ எடுத்தார். தண்ணீர் தீயைத் தொடவேயில்லை. காட்டேஜ் முன்னால் இருந்த ரோஜாச் செடிகள் நன்றாக நனைந்தன.

அந்தத் தோட்டத்துக்கு நாலு மத்தியானம் போயிருக்கும் எவருக்கும் தெரியும், அங்கே கொஞ்ச நேரத்தில் கடல்காற்று வரும், திசை அப்படியே திரும்பும். தினமும் திரும்பும். நான் மேடையில் நின்று கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். கொடி தளர்ந்து தொங்கியது. பிறகு மலைப் பக்கம் மெல்ல நகர்ந்தது. மலைப் பக்கம்தான் பம்ப் ரூம்.

“சார், காற்று திரும்புது. பம்ப் ரூம் பக்கம் யாரு இருக்கா?”

“லைன அடைக்காதம்மா. ஆபரேஷன் போயிட்டு இருக்கு.”

அவரை விட்டுவிட்டு நேராகக் கேட்டேன்: “பம்ப் ரூம் பக்கம் யாராவது இருக்கீங்களா? இருந்தா பதில் சொல்லுங்க.”

இரண்டாவது தடவை கேட்டபோது ஃபோர்மனின் குரல் வந்தது. அரியலூர்ப் பக்கத்து மனிதர், எதையும் நிதானமாகப் பேசுகிறவர். அந்தக் குரலில் நிதானம் இல்லை.

“மேடம், நானும் ஒரு நேபாளியும் இருக்கோம். தூங்கிட்டோம். புகையில ஒண்ணும் தெரியல. ரோட்டுக்குப் போற வழி அடைச்சுக்கிச்சு.”

மேடை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மேலேயிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பம்ப் ரூமிலிருந்து உறிஞ்சுகுழாய் குளத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் சரிவு உண்டு. அங்கே மட்டும் நாணல் கிடையாது. குழாயின் முனை ஒரு மிதவை டிரம்மோடு கட்டி, குளத்தின் நடுவில் மிதக்கும்.

“பம்ப் ரூம் சுவரைத் தொட்டுக்கிட்டே குளத்துப் பக்கம் வாங்க. சிமெண்ட் சரிவு வரும். அதுல இறங்கித் தண்ணிக்குள்ள போங்க. நாணலை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ போங்க.”

“இவனுக்கு நீச்சல் தெரியாது மேடம்.”

“பைப்பைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. பைப்போடவே போனா டிரம் இருக்கு. சட்டையை நனைச்சுத் தலையில போட்டுக்குங்க. என்ன ஆனாலும் கரைக்கு வராதீங்க.”

“சரி மேடம்” என்றார். பிறகு சத்தம் இல்லை. வாக்கி-டாக்கி தண்ணீருக்குள் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

அடுத்த நொடிகளில் நாணல் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்து எரிந்தது. பம்ப் ரூமின் தகரக் கூரையே தெரியவில்லை.

நான் ஏணியில் இறங்கி ஓடினேன். கமாண்டர் இன்னும் ஹோஸோடு நின்றார். தீ தன்னைவிட்டு விலகிப் போவதைப் பார்த்து, தான் விரட்டிவிட்டதாகவே நினைத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“சார், ரெண்டு பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. குளத்துல இறங்கச் சொல்லியிருக்கேன்.”

“யாரு உள்ள? நான் எல்லாரையும் இங்க வரச்சொல்லிட்டேன்.”

“அவங்க வரல சார்.”

“வரச்சொன்னேன்ல? வந்திருப்பாங்க.”

எத்தனையோ மேலதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். தன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததும் அது உலகத்தில் நடந்து முடிந்துவிட்டதாக நம்புகிற ஒரு மனிதரை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டிக்கொண்ட எதையோ பார்ப்பதைப் போல அவரைப் பார்த்தேன்.

அப்போது தீயணைப்பு வண்டிகள் கேட்டுக்குள் வந்தன. முதல் வண்டியிலிருந்து ஓர் அதிகாரி இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும், உள்ளூர்க்காரர். இறங்கியதும் தீயைப் பார்க்கவில்லை, மரங்களின் உச்சியைப் பார்த்தார். காற்றுக்காக. பிறகு வெள்ளை வெஸ்ட்டைப் பார்த்து இவரிடம் வந்தார். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

இவர் சல்யூட் மாதிரி ஒன்று வைத்தார். “எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது” என்றார்.

“உள்ளே ஆள் இருக்கிறார்களா?”

“யாரும் இல்லை.”

நான் குறுக்கே புகுந்தேன். “இரண்டு பேர் இருக்கிறார்கள். குளத்துக்குள், பம்ப் ரூம் பக்கம்.”

“இவள் என் கோஆர்டினேட்டர்” என்று இவர் சிரித்தார். “பதற்றத்தில் குழம்பிப்போயிருக்கிறாள்.”

அதிகாரி அவருடைய சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார். “யாரும் இல்லை என்று எப்படித் தெரியும்? எண்ணினீர்களா?”

இவர் பக்கத்தில் நின்ற உதவியாளரைப் பார்த்தார். அவர் ஃபோனைப் பார்த்தார்.

“பம்ப் ரூமுக்கு வேறு வழி எது?”

ஒரு வருஷமாக அந்த இடத்தின் கமாண்டர். பம்ப் ரூமுக்குப் பின்பக்க மண்ரோடு ஒன்று உண்டென்று அவருக்குத் தெரியாது. கார் போகாத ரோடு எதுவும் அவருக்குத் தெரியாது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் மண்ரோட்டைக் காட்டினேன், குழாயையும் டிரம்மையும் சொன்னேன், கடைசியாக அவர்கள் குரல் கேட்டது எப்போது என்று சொன்னேன். இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்பது தெரியாது என்றும் சொன்னேன். அவர் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு இவரிடம், “இனி பொறுப்பு என்னுடையது. நீங்கள் இந்த வண்டிக்குப் பக்கத்திலேயே இருங்கள்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் ஸ்கூலில் முழங்கால் போடச் சொல்வதைப் போல இருந்தது. அல்லது அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

அதன்பிறகு அந்த அதிகாரி வண்டியின் பானெட்டை விட்டு நகரவேயில்லை. ஹோஸைத் தொடவில்லை. ஒருவர் வருவார், ஏதோ சொல்வார், அதிகாரி இரண்டு வார்த்தை சொல்வார், அவர் போவார். இரண்டு வண்டிகள் மண்ரோட்டில் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயின. குரல் உயரவில்லை. ஹோட்டலில் அந்தப் பெண்மணி சொன்னதெல்லாம் என் கண்முன்னால் ஒரு மனிதராக நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, எம்ப்ராய்டரி போட்ட முதுகு ஒன்று ஃபோனில் ஜெனரல் மேனேஜருக்கு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தது: “அரசாங்கப் படையோட கோஆர்டினேட் பண்ணிட்டு இருக்கேன் சார்.”

இரண்டு பேரையும் கொண்டுவந்தார்கள். ஃபோர்மனின் ஒரு காதும் இரண்டு புறங்கைகளும் வெந்திருந்தன. நேபாளியின் தலையில் ஃபோர்மன் தன் சட்டையையும் சேர்த்துப் போட்டுவிட்டு, மறைப்புக்குத் தன் கைகளை வைத்திருக்கிறார். நேபாளிக்குத் தீக்காயம் இல்லை, இருமல்தான் நிற்கவில்லை. குழாயைப் பிடித்த அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்ததாம். நான் ஃபோர்மன் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்த்து, “வாக்கி-டாக்கி போச்சு மேடம்” என்றார். மன்னிப்புக் கேட்கும் குரலில். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கட்டிக்கொண்டு நானும் கணவரும் போனோம். கமாண்டரும் ஒரு தடவை போயிருக்கிறார், பூங்கொத்தோடு, உதவியாளரோடு, ஃபோட்டோவுக்காக.

பிறகு அவர் எழுதிய ரிப்போர்ட் வந்தது. அதில் ஓர் இடம்: ‘நிலைமையைக் கணித்து, இரு பணியாளர்களை நீர்நிலைக்குள் பாதுகாப்பாக இறங்குமாறு கமாண்டர் உத்தரவிட்டார்.’ நான் அதைப் பல தடவை படித்தேன். இருவர் உள்ளே இருப்பதையே நம்ப மறுத்த மனிதர், அவர்களைத் தானே காப்பாற்றிவிட்டிருந்தார். பொய் சொல்கிறவர்களை ஓரளவு மதிக்கலாம், உண்மை எது என்று அவர்களுக்காவது தெரியும். இவருக்கு அதுவும் தெரியவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜெனரல் மேனேஜரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மேஜையில் பேனாவை உருட்டினார்.

“யாரும் சாகலையே?” என்றார்.

“இல்ல சார்.”

“அப்புறம் என்னம்மா. டீம் வொர்க். யார் சொன்னா என்ன?”

“அடுத்த தடவையும் அவர்தானே சார் நிப்பாரு?”

“அடுத்த தடவை வராம பார்த்துக்கறது சேஃப்டி டிபார்ட்மென்ட் வேலை.” சொல்லிவிட்டு, தன் சாமர்த்தியத்துக்குத் தானே புன்னகைத்தார். அந்த ஆளுக்கு அந்தப் பதவியைக் கொடுத்தது யார் என்று எனக்கு ஞாபகம் வந்தது. கமாண்டர் மேல் இருந்த வெறுப்பில் ஒரு பங்கை அங்கேயே மாற்றி வைத்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குசைஸில் தமிழர்கள் கூடும் ஒரு சங்கம் இருந்தது. ஓட்டல் மாடி ஹாலில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். ‘தீயை வென்ற தீரர்’ என்று பட்டம். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பொன்னாடை போர்த்தினார்கள். தோளில் இடம் இல்லாமல் கையில் வாங்கிக்கொண்டார். கம்பெனி ஆட்கள் எல்லோரும் வர வேண்டும் என்று மெசேஜ் வந்திருந்ததால் நானும் கணவரோடு கடைசி வரிசையில் இருந்தேன்.

அவர் பேசினார். “லீடர்னா யாரு? முன்னாடி நிக்கிறவன். நான் அன்னிக்கு ஹோஸை என் கையால பிடிச்சேன்.” கைதட்டல்.

என் கணவர் என் காதில், “உங்க வகுப்புல சொன்னாங்களே, அதுக்கு நேர் எதிரா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

பிறகு ஃபோர்மனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வேனில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காதில் கட்டு இருந்தது. கைகளில் கட்டு பிரித்து, புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. தன்னைக் காப்பாற்றியவருக்கு அவர் மாலை போட வேண்டுமாம். போட்டார். கமாண்டர் ஃபோட்டோவுக்குத் திரும்பி, அந்தக் கையை எட்டிப் பிடித்து, கேமராக்காரர் சரி என்று சொல்லும்வரை குலுக்கினார். ஃபோர்மனின் தாடை இறுகுவது கடைசி வரிசைக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவருக்குத் தெரியவில்லை.

விழா முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே ஃபோர்மனைப் பிடித்தேன். ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஐஸ் வாங்கிக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏன் போட்டீங்க மாலையை? நீங்க சொல்லியிருக்கலாமே.”

“என்னத்த மேடம் சொல்றது? வர்ற மாசம் விசா முடியுது. கையெழுத்து அவருதான் போடணும்.” கையைத் திருப்பி வைத்தார். “நெருப்புகூட இப்பிடி அமுக்கல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேன் ஹாரன் அடித்தது, போய்விட்டார்.

அடுத்த வாரம் நான் ராஜினாமா கொடுத்தேன். அதில் வீரம் ஒன்றுமில்லை. ஷார்ஜாவில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, அவ்வளவுதான். அங்கே நிஜமான தீயில் நின்று படிப்படியாகப் பழகும் ஒரு குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். கீழ்ப்படியில் இருக்கிறேன். இன்னும் என் பெயருக்கு எதிரே யாரும் கையெழுத்துப் போடவில்லை. போடாதது சரிதான். அன்றைக்குத் தொட்டி மேடையிலிருந்து நான் செய்தது கமாண்டர் வேலை அல்ல, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் படுத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஃபோர்மனுக்கு விசா புதுப்பித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அவரே வேறு வேலை பார்த்துக்கொண்டு அபுதாபி பக்கம் போய்விட்டார். பொங்கலுக்கு மெசேஜ் அனுப்புவார். கமாண்டரை எல்லா சைட்டுகளுக்கும் அவசரகாலத் தலைவராக உயர்த்தினார்கள். இப்போது அவரே மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாராம். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

போன மாதம் அவரை ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பார்த்தேன். காய்கறிப் பக்கம் மனைவியோடு டிராலி தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

“என்னம்மா, எப்படி இருக்க? இங்க பாரு, நம்ம டீம்ல இருந்த பொண்ணு இது” என்று மனைவியிடம் சொன்னார். “அந்த ஃபயர் அன்னிக்குப் பாவம், ரொம்ப பயந்துடுச்சு.”

“ஆமா சார். ரொம்ப பயந்தேன்” என்றேன். “உங்களைப் பார்த்துத்தான்.”

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொத்தமல்லிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு, “வாங்க, பில்லுல கூட்டம் சேருது” என்று அவரை இழுத்துக்கொண்டு போனார். கவுன்டரில் எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவது கேட்டது. அந்த அம்மா அவர் சொன்ன வரிசைக்குப் பக்கத்து வரிசையில் போய் நின்றார்.